சோம்பேறிப் பானை

செம்பூர்
16 ஜூன் 2024

மன்னிக்கு,

நமஸ்காரம். மூன்று வாரமாகப் போன் அடிக்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறும்போது, "ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பு, உன் குரலே எனக்கு வேண்டாம்" என்றீர்கள். சரி, எழுதுகிறேன். மாட்டுங்காவும் செம்பூரும் ஒரே ஊருக்குள் ஒரு பஸ் தூரம். அதற்குத் தபால்தலை ஒட்டி, உறை போட்டு, மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது உங்கள் கட்டளை. தபால்காரர் சிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

வீடு நன்றாக இருக்கிறது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற ஒரு கிச்சன். பக்கத்து வீட்டில் சஃபீனா என்று ஒரு டீச்சர் இருக்கிறார், நல்ல மாதிரி. மழைத் தண்ணீர் இதுவரை உள்ளே வரவில்லை.

இந்தக் கடிதம் உண்மையில் பருப்பைப் பற்றியது. காட்கோபரில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினேன். கரண்டில் ஓடுகிற பாத்திரம், உள்ளே கனமாக ஒரு பீங்கான் பானை. காலையில் சாமானைப் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டு ஆபீஸுக்குப் போய்விடலாம். விசில் அடிக்காது, பொங்காது. எட்டு மணி நேரம் மெல்ல வேகவைத்து, அப்புறம் தானே சூட்டில் வைத்துக்கொள்ளும். ஏழு மணிக்கு ரயிலில் நசுங்கி வீடு திரும்புகிற ஒற்றை ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

கூட வந்த சின்னப் புத்தகத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்லியிருந்தது. துவரம்பருப்பு, முள்ளங்கி, புளிக்கரைசல், சாம்பார்ப் பொடி, உப்பு எல்லாம் போட்டேன். சாயங்காலம் கதவைத் திறந்ததும் வாசனை மூக்கைத் துளைத்தது. மூடியைத் தூக்கினால் முள்ளங்கி கூழாகிவிட்டது, பருப்பு மட்டும் காலையில் போட்டபடியே கிடக்கிறது. கடித்துப் பார்த்தேன், நறுக் நறுக்கென்றது. மறுநாள் பத்து மணி நேரம் வைத்தேன், அதே கதைதான். சஃபீனாவின் பருப்பு இதே குக்கரில் வெண்ணெயாக வெந்தது, ஆகவே மெஷினில் கோளாறு இல்லை.

பதில் எழுத இஷ்டமில்லை என்றால் பருப்புக்கு மட்டுமாவது எழுதுங்கள்.

ஷ்யாமளா

*

மாட்டுங்கா
22 ஜூன் 2024

ஷ்யாமு,

புளியை முதலில் விட்டால் பருப்பு எந்த ஜன்மத்திலும் வேகாது. இது எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரியும். காலையில் பருப்பும் மஞ்சள் பொடியும் தண்ணீரும் மட்டும் போடு. சாயங்காலம் வந்து, புளித்தண்ணீரில் காய்த் தானும் பொடியும் உப்பும் போட்டுத் தனியாகக் காஸில் கொதிக்கவிடு. பச்சை வாசனை போனதும் பருப்பைக் கொட்டித் தாளித்து இறக்கு. தாளிக்கவாவது அடுப்புப் பற்ற வைப்பாய் அல்லவா, இல்லை அதற்கும் ஒரு மெஷின் வாங்கிவிட்டாயா?

உன் சோம்பேறிப் பானைக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அவ்வளவுதான். மற்றதற்கு வருகிறேன்.

பதினைந்து வயதில் ரெட்டைப் பின்னல் போட்டிருந்தாய், நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது. உங்கள் அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நாற்பத்தொரு வருஷம் உனக்கு டப்பா கட்டினேன். உன் அண்ணா போய் நாலு வருஷமாகிறது, பிள்ளை கிருஷ்ணா டொரண்டோ போய்ப் பத்து வருஷமாகிறது. கடைசியில் நாம் இரண்டு பேர்தானே மிச்சம்? ஒரு நாள் காபியைக் குடித்துக்கொண்டே, என் செம்பூர் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், நான் அங்கே போய் இருக்கப்போகிறேன் என்கிறாய். ஐம்பத்தாறு வயதில் நாத்தனார் தனிக்குடித்தனம் போனாள் என்று கட்டிடம் முழுக்கப் பேச்சு. கீழ்வீட்டுப் பஞ்சு மாமா என்னிடமே வந்து, "என்ன சண்டை?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

இங்கே என் கை இன்னும் இரண்டு ஆழாக்கு அரிசி எடுக்கிறது. ஒன்றைத் திருப்பிக் கொட்டுகிறேன். அந்த ஒன்றே எனக்கு இரண்டு நாளைக்கு வருகிறது. ஒரு ஆளுக்கு ரசம் வைத்துப் பார், தெரியும். ஒரு தக்காளியில் பாதியை என்ன செய்வது? ஒரு பீர்க்கங்காயை எத்தனை நாள் சாப்பிடுவது?

கிருஷ்ணா கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியவர்களுக்கான குடியிருப்பு ஒன்று பார்த்திருக்கிறான். மூன்று வேளையும் சாப்பாடு வந்துவிடுமாம். இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே போகச் சொல்கிறான். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் அவனுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. இதை உன்னைக் குத்துவதற்காகத்தான் எழுதுகிறேன்.

ரஞ்சனா

*

செம்பூர்
30 ஜூன் 2024

மன்னிக்கு,

குத்தியது. ஆனால் பருப்பும் வெந்தது. விரலால் தொட்டால் கரைகிறது. புளியைத் தனியாகக் கொதிக்கவிட்டேன், கடுகு தாளித்தேன், கையில் எண்ணெய் தெறித்து ஒரு கொப்புளம். வாழ்க்கையில் முதல்முறையாக நானே வைத்த சாம்பார். நின்றுகொண்டே பாத்திரத்திலிருந்து நாலு கரண்டி சாப்பிட்டேன். ஐம்பத்தாறு வயதில் இதற்கு ஒருத்தி கண்கலங்குவாளா என்று கேட்பீர்கள். கலங்கினேன்.

ஒரு ஆளுக்குச் சமைப்பதில் நீங்கள் சொன்ன கஷ்டம் எனக்கும் உண்டு. இந்தப் பானை பாதிக்குக் குறையாமல் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து பிடித்துக்கொள்கிறது. தெரியாமல் பெரிதாக வாங்கிவிட்டேன். ஆகவே பருப்பை மொத்தமாக வேகவைத்து, நாலு சின்ன டப்பாவில் ஃப்ரீஸரில் போட்டுவிடுகிறேன். ஒரு டப்பா சாம்பாராகும், ஒன்று கூட்டாகும், ஒன்று சஃபீனா வீட்டுக்குப் போய் அவர் வைத்த பச்சைப்பயறாகத் திரும்பி வரும். பாதித் தக்காளியும் அதே பானைக்குள் போய்விடுகிறது. இது உங்களுக்கும் ஒத்துவரும்.

என்ன சண்டை என்று தெரியாது என்கிறீர்கள். எழுதச் சொன்னவர் நீங்கள், ஆகவே எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தொரு வருஷத்தில் நான் அந்தச் சமையலறையில் தண்ணீர் குடிக்க மட்டும்தான் நுழைந்திருக்கிறேன். கத்தியை எடுத்தால் பிடுங்கிக்கொள்வீர்கள். "நீ போ, ஆபீஸுக்கு நாழியாறது." ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். தட்டு வரும், நிறையும், போகும். ஹோட்டலில் சாப்பிடுகிறவளுக்குக்கூட இன்று என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு வாய் உண்டு. பிறந்த வீட்டில் நான் விருந்தாளி.

இன்னொன்றும் இருக்கிறது. தொண்ணூற்றாறில் முலுண்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனும் அவர் அம்மாவும் இரண்டு தடவை வந்தார்கள். இரண்டாம் தடவை அந்த மாமி சமையலறைக்கு வந்து, பெண் சமைப்பாளா என்று உங்களைக் கேட்டார். நான் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தேன். "அடுப்புப் பத்த வெக்கக்கூடத் தெரியாது மாமி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் அப்படியே திரும்பிவிட்டேன். அப்புறம் அவர்களிடமிருந்து தகவலே வரவில்லை. சமைக்கத் தெரியாதவள் என்று ஒதுக்கினார்கள், கற்றுக்கொள்ளவிடாதவர் நீங்கள். இருபத்தெட்டு வருஷமாக இதைச் சொல்ல நினைத்திருக்கிறேன்.

ஷ்யாமளா

*

மாட்டுங்கா
8 ஜூலை 2024

ஷ்யாமு,

கடிதம் வந்தது. பழங்கதையைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? எனக்கு இதில் எழுத ஒன்றும் இல்லை.

உன் குக்கர் யோசனையும் எனக்கு வேண்டாம். நான் சமைப்பதையே குறைத்துவிட்டேன். பிரட் இருக்கிறது, மோர் இருக்கிறது. ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாருக்கு என்று கேட்டால், எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

கிருஷ்ணாவிடம் போகலாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

ரஞ்சனா

*

செம்பூர்
28 ஜூலை 2024

மன்னிக்கு,

நீங்கள் படிக்கட்டில் மயங்கிச் சாய்ந்தீர்கள் என்று பஞ்சு மாமா ஆபீஸுக்குப் போன் செய்தபோது பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன். வாசல் பூக்கடைக்காரர் உங்களைப் பிடித்திராவிட்டால் தலை படிக்கட்டில் மோதியிருக்கும் என்றார். டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். வேறு வியாதி ஒன்றும் இல்லை, சாப்பிடாததுதான் வியாதி.

மூன்று நாள் உங்களோடு இருந்தேன். நீங்கள் என்னிடம் பேசியது மொத்தம் எட்டோ பத்தோ வார்த்தை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அந்த ஃப்ரிட்ஜில் கொத்தமல்லி இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. ஒரு பிரட் பாக்கெட்டும் அரைக் கிண்ணம் தயிரும் இருந்தன. மூடிவிட்டு அங்கேயே நின்றேன்.

நான் வாங்கி வந்த சின்ன குக்கரை மேடையில் வைத்தபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஆனாலும் நொய்யரிசியும் பாசிப்பருப்பும் போட்டு நான் வைத்த கஞ்சியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தீர்கள். இது ஒற்றை ஆளுக்கென்றே வருகிற அளவு. ஒரு பிடி அரிசி, அரைப் பிடி பருப்பு, ஆறு பங்கு தண்ணீர். காலையில் பல் தேய்த்ததும் போட்டால் பதினோரு மணிக்குத் தயார். அடுப்பருகில் நிற்க வேண்டாம். மறந்துபோய்ப் படுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

முடிவு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். திரும்பி வந்துவிடுகிறேன். செப்டம்பர் ஒன்றிலிருந்து இந்த வீட்டைச் சஃபீனாவின் தங்கை வாடகைக்குக் கேட்கிறாள். நீங்கள் கிருஷ்ணாவிடம் கோயம்புத்தூர் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஆசைக்கு இரண்டு மாதம் தனியாக இருந்து பார்த்தாயிற்று. என் வீம்புக்காக நீங்கள் படிக்கட்டில் விழ வேண்டாம். முலுண்ட் கதையையும் இனி எடுக்கமாட்டேன், சத்தியம்.

பெரிய குக்கரைச் சஃபீனாவுக்குக் கொடுத்துவிடலாம். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வருத்தம் இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

ஷ்யாமளா

*

மாட்டுங்கா
6 ஆகஸ்ட் 2024

ஷ்யாமு,

உன் கடிதத்தை ஆறு நாளாகத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். வா என்று ஒரு வரி எழுதினால் போதும், நீ வந்துவிடுவாய். சாயங்காலம் ஏழரைக்கு நீ வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் மறுபடி கேட்கும். அதைவிட எனக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றுமில்லை. நாலு தடவை அந்த வரியை எழுதிக் கிழித்தேன். எழுத முடியவில்லை, ஏனென்றால் நீ பாதிதான் கேட்டிருக்கிறாய்.

முலுண்ட் மாமியிடம் உனக்கு அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாது என்று சொன்னேன். அதற்கு அந்த மாமி என்ன சொன்னார் தெரியுமா? "அதனாலென்ன, வந்து கத்துண்டுட்டாப் போச்சு. எங்காத்துலயும் ரெண்டு பேருமா ஆபீஸ் போகட்டும், நான் சமைச்சுப் போடறேன்" என்றார். நல்ல மனுஷி. நீ போய்விடுவாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் அண்ணா நல்லவர், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். மாதத்தில் பாதி நாள் டூர். கிருஷ்ணா பள்ளிக்கூடம் போய்விடுவான். பகல் முழுக்க நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். ஆபீஸில் யார் யாரைத் திட்டினார்கள், ரயிலில் யார் தலையில் யார் கூடை இடித்தது என்று நீ வந்து சொல்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற நேரத்தை ஓட்டினேன்.

ஆகவே நான் குரலைத் தாழ்த்தி, "மாமி, சொல்லாம இருந்தாத் தப்பு. அவளுக்குக் கல்யாணத்துலயே இஷ்டமில்லை. எங்களுக்காகத்தான் வந்து நிக்கறா" என்றேன்.

அவ்வளவுதான். அந்த மாமி என் கையைப் பிடித்து, சொன்னதற்கு நன்றி என்றார். கட்டாயப்படுத்தி ஒரு பெண்ணைக் கூட்டிப்போகமாட்டேன் என்றார். சமையல் தெரியாததால் வரன் போகவில்லை ஷ்யாமு. என்னால் போயிற்று.

உன்னைக் கத்தி எடுக்கவிடாததும் அதனால்தான். நீ கற்றுக்கொண்டுவிட்டால் நான் எதற்கு இந்த வீட்டில் என்ற பயம். அன்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்பும் இருந்தது. ஆனால் பயம்தான் பெரிது.

உன் குரல் வேண்டாமென்று சொன்னதும் வேறு எதற்கும் இல்லை. கேட்டால் இதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

ஒரு தடவை உன்னை இந்த வீட்டில் நிறுத்திவைத்துவிட்டேன். இரண்டாம் தடவையும் செய்தால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. வராதே. உன் வீட்டை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதே.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. உன் சின்னப் பானையை, நீ திரும்பிப் போன மூன்றாம் நாள் நானே போட்டேன். இப்போது தினம் போடுகிறேன். நேற்று அதில் வாழைத்தண்டும் பருப்பும். ஒரு வேளைக்கு மேல் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கிருஷ்ணாவிடம் இன்னும் ஆறு மாதம் டைம் கேட்டிருக்கிறேன். அவன் முணுமுணுத்தான்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன்.

ரஞ்சனா

*

செம்பூர்
25 ஆகஸ்ட் 2024

மன்னிக்கு,

முதல் நாள் வந்த உங்கள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்து, ஆபீஸிலிருந்து திரும்பும்போது ரயிலில் பிரித்தேன். வடாலாவில் ஆரம்பித்து, செம்பூரில் இறங்கி, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன். மூன்று வண்டி போயிற்று. வீட்டுக்கு வந்தபோது பானையில் சேப்பங்கிழங்கு சூடாக இருந்தது. அதை அப்படியே குப்பையில் கொட்டினேன். உங்கள் மேல் உள்ள கோபத்தைக் கிழங்கின் மேல் காட்டினேன்.

இந்த இரண்டு வாரத்தில் ஆறு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றும் அனுப்ப முடியாத மாதிரி இருந்தது. நல்லவேளை, போனில் பேசவில்லை.

உங்களுக்குத் தெரியாத பாதி ஒன்று என்னிடமும் இருக்கிறது. எனக்கு அந்த முலுண்ட்காரரைப் பிடித்திருந்தது. அண்ணாவிடம்கூடச் சொன்னதில்லை. முதல்தடவை வந்தபோது, நான் எந்த டிரெயினில் ஆபீஸ் போகிறேன் என்று கேட்டார். எட்டு பன்னிரண்டு என்றேன். அவர் வருவது மாட்டுங்காவுக்கு எட்டு இருபதுக்கு வருகிற ஸ்லோ வண்டி என்றார். வேறொன்றும் பேசவில்லை. அவர்களிடமிருந்து தகவல் வராமல் போன பிறகு இரண்டு மாதம் நான் எட்டு இருபதில் போனேன். நினைவிருக்கிறதா? டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மணியைப் பார், மணியைப் பார்" என்று நீங்கள் வாசலில் கத்துவீர்கள். நான் வேண்டுமென்றே ஜடையைப் பிரித்துத் திரும்பப் பின்னுவேன். ஒரு நாளும் அவரைப் பார்க்கவில்லை. சமைக்கத் தெரியாதவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு வண்டியில் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விருப்பமில்லாதவளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவர் ஒதுங்கியிருக்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

இதை உங்களைக் குத்துவதற்காகத்தான் எழுதுகிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், நான் மட்டும் எதற்குச் சுமக்க வேண்டும்?

மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. ஒரு நாள் எழுதுவேனா என்றும் தெரியாது. காலையில் பருப்பைக் களையும்போது கோபம் வருகிறது. அதே பருப்பைக் களையும்போதுதான், நீங்கள் சாப்பிட்டீர்களா என்ற நினைப்பும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒருத்தி என்ன செய்வாள்? வா என்று எழுதியிருந்தால் வந்திருப்பேன், ஒன்றும் தெரியாமல் கடைசிவரை உங்கள் கையால் சாப்பிட்டிருப்பேன். அதைக் கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னீர்கள். அதுவும் எனக்குத் தெரிகிறது.

நான் திரும்பி வரவில்லை. இந்த வீட்டில்தான் இருப்பேன். கோயம்புத்தூர் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், ஆனால் சாப்பாட்டுக்காகப் போகாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இங்கே வாருங்கள். பஞ்சு மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், டாக்ஸியில் ஏற்றிவிடுவார். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து வராதீர்கள். கோபத்தோடேயே ஒருவருக்குச் சாப்பாடு போட முடியும் என்று தோன்றுகிறது, போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் ஹாலில் உட்கார வேண்டும். முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். சாம்பாரில் உப்பு குறைந்தால் என்னிடம் சொல்லுங்கள், மன்னி. வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஷ்யாமளா